சுவருக்கு ஒரு படம், அலமாரிக்கு ஒரு பொம்மை: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், குறைந்த செலவில் பழைய பாணிப் படங்களையும் சேகரிப்புப் பொருள்களையும் வாங்குவது குறித்து இரண்டு பத்திகள் எழுதியிருந்தேன். அதற்குக் கொங்குப் பகுதியிலிருந்து மட்டும் ஒரு பை நிறையக் கடிதங்கள் வந்துள்ளன. பலர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்த இடங்களில் ஒருவருடைய கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: புதிதாகக் கட்டிய வீட்டின் கூடத்தில் பழைய சினிமா சுவரொட்டி போன்ற நான்கு படங்களை மாட்ட விரும்புகிறோம். இணையக் கடைகளில் ‘விண்டேஜ் போஸ்டர்’ என்ற ஒரே பெயரில் 150 ரூபாய்க்கும் கிடைக்கிறது, 1,500 ரூபாய்க்கும் கிடைக்கிறது. எங்களால் செலவிட முடிந்தது மொத்தம் 3,000 ரூபாய். எதை நம்பி வாங்குவது?
பள்ளி ஆசிரியை, கோபிசெட்டிபாளையம்

பதில்: அந்த ஒரே பெயருக்குள் மூன்று வேறுவேறு பொருள்கள் அடங்கியிருக்கின்றன. படம் வெளியான காலத்திலேயே அச்சாகி, சுவரில் ஒட்டப்படாமல் தப்பிப் பிழைத்த தாள் அசல். அந்த அசலை ஸ்கேன் செய்து இன்றைய இயந்திரத்தில் அச்சிட்டது மறுபதிப்பு. பழைய சுவரொட்டிகளின் எழுத்தையும் வண்ணத்தையும் முகபாவத்தையும் கற்றுக்கொண்டு, இன்றைய ஓவியர் ஒருவர் புதிதாக வரைந்தது பழைய பாணிப் படம். மூன்றுமே மரியாதைக்குரியவை, இரண்டாவதை முதலாவது என்று சொல்லி விற்பதுதான் தவறு. அசல் சுவரொட்டிகள் பெரும்பாலும் 20×30 அல்லது 30×40 அங்குலம் போன்ற பெரிய அளவுகளில், ஊர் ஊராக அனுப்புவதற்காக மடிக்கப்பட்ட கோடுகளோடு இருக்கும். ஏ4 தாளைப் போல இரு மடங்கான ஏ3 அளவில், ஒரு மடிப்பும் இல்லாமல், பளபளப்பான தாளில் வருகிற ஒன்று, எவ்வளவு பழுப்பு நிறம் ஏற்றப்பட்டிருந்தாலும் அசலாக இருக்க வழியில்லை.

உங்கள் தொகைக்கு நான் பரிந்துரைப்பது மூன்றாவது வகை. அதில் வரைந்தவர் யார் என்பது தெரியும்; அவரிடமே நேரில் வாங்கினால் நீங்கள் கொடுக்கும் பணம் அவர் கைக்கே போய்ச் சேரும். வாங்குவதற்கு முன் மூன்று செய்திகளைக் கேட்டுப் பெறுங்கள். முதலாவது, வரைந்தவர் பெயர். பெயரைச் சொல்லத் தயங்கும் கடையில் படம் எங்கிருந்தோ எடுக்கப்பட்டது என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது, தாளின் எடையும் தன்மையும். ஜெராக்ஸ் தாள் 70 அல்லது 80 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) இருக்கும், சட்டமிடும் படத்துக்கு 200-க்கு மேல் இருந்தால்தான் மழைக்காலத்தில் அலை அலையாக நெளியாது. அமிலமும் லிக்னினும் நீக்கிய தாள் என்றால் இன்னும் நல்லது, ஏனெனில் மரக்கூழில் உள்ள லிக்னின் என்ற பொருள்தான் வெளிச்சம் பட்டுத் தாளைப் பழுப்பாக்குகிறது. மூன்றாவது, மை. டை இங்க் என்னும் சாயமை தொடக்கத்தில் பளிச்சென்று இருந்து வெயிலில் விரைவாக வெளுத்துவிடும். பிக்மென்ட் இங்க் என்னும் நிறமி மை சற்று அடங்கிய நிறமாகத் தெரிந்தாலும் பல ஆண்டுகள் தாங்கும். 150 ரூபாய்ப் படத்துக்கும் 1,500 ரூபாய்ப் படத்துக்கும் உள்ள வேறுபாட்டில் பெரும்பகுதி இந்த இரண்டிலும்தான் இருக்க வேண்டும். அப்படி இல்லையென்றால் கூடுதல் பணம் கொடுப்பதற்குக் காரணமே இல்லை.

இணையத்திலிருந்து படத்தை இறக்கி நாமே அச்சிட்டுக்கொள்ளலாமே என்று பலர் நினைக்கிறார்கள். ஏ3 தாளில் தெளிவாக அச்சிட ஏறத்தாழ 3,500-க்கு 5,000 புள்ளிகள் (பிக்சல்) கொண்ட கோப்பு வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த, ஆயிரம் புள்ளி அகலமுள்ள படத்தை அதே அளவுக்குப் பெரிதாக்கினால் அங்குலத்துக்கு ஏறத்தாழ 85 புள்ளிகளே தேறும். கைப்பேசியில் அழகாக இருந்த முகம் சுவரில் கலங்கித் தெரியும்.

நான்கு படங்களுக்குப் பதில் இரண்டு வாங்கி, மீதிப் பணத்தைப் படச் சட்டத்துக்கு ஒதுக்குங்கள் என்பதே என் கருத்து. சட்டக் கடைகளில் படத்தைப் பசை தடவி ஹார்டுபோர்டில் ஒட்டிவிடும் வழக்கம் இருக்கிறது. ஒட்ட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். படத்தைச் சுற்றி மவுண்ட் போர்டு என்னும் தடித்த அட்டை வைத்து, கண்ணாடி தாளின் மேல் படாதவாறு சிறு இடைவெளி விடச் சொல்லுங்கள். மேற்கு வெயில் விழும் சுவரையும், குளியலறையை ஒட்டிய ஓதம் ஏறும் சுவரையும் தவிர்த்துவிடுங்கள்.

கேள்வி: என் அப்பிச்சியின் (அம்மாவின் அப்பா) தகரப் பெட்டியில் முப்பதுக்கும் மேற்பட்ட சினிமாப் பாட்டுப் புத்தகங்கள் கிடைத்தன. பலவற்றில் ஆண்டு அச்சிடப்படவில்லை. பழைய பொருள் வாங்கும் ஒருவர் மொத்தத்தையும் 500 ரூபாய்க்குக் கேட்கிறார். இவற்றின் காலத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? கொடுத்துவிடலாமா?
பஞ்சாலையில் ஓய்வு பெற்ற வாசகர், சூலூர்

பதில்: கொடுத்துவிடாதீர்கள். குறைந்தபட்சம் ஒவ்வொன்றும் எந்த ஆண்டுக்குரியது என்று தெரிந்துகொள்ளும் வரையிலாவது அந்தப் பெட்டி உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.

முதலில் விலையைப் பாருங்கள். நம் நாட்டில் 1957 ஏப்ரல் 1-இல் தசம நாணயம் வந்தது. ஆகவே விலை அணாவில் மட்டும் இருந்தால் அந்தப் புத்தகம் பெரும்பாலும் அதற்கு முந்தியது. ‘நயா பைசா’ என்றோ ‘ந.பை.’ என்றோ இருந்தால் உங்களுக்கு மிகக் குறுகிய காலவரையறை கிடைக்கிறது, ஏனெனில் ‘நயா’ என்ற சொல் 1964 ஜூனில் கைவிடப்பட்டது. அணாவும் நயா பைசாவும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிடப்பட்டிருந்தால், மக்கள் புதுக் கணக்குக்குப் பழகிக்கொண்டிருந்த தொடக்க ஆண்டுகளின் புத்தகம் அது. அடுத்து முகவரியைப் பாருங்கள். அஞ்சல் குறியீட்டு எண் 1972 ஆகஸ்ட் 15-இல் நடைமுறைக்கு வந்தது; அச்சகத்தின் முகவரியில் 641001 போன்ற ஆறு இலக்க எண் இருந்தால் அதற்குப் பிந்தியது. ‘சென்னை மாநிலம்’ அல்லது ‘மதராஸ் ஸ்டேட்’ என்று அச்சிட்டிருந்தால் 1969 ஜனவரியில் தமிழ்நாடு என்று பெயர் மாறுவதற்கு முந்தியது என்று கொள்ளலாம்.

பிறகு எழுத்தைப் பாருங்கள். இது நம் மொழிக்கே உரிய சான்று. ‘லை’, ‘ளை’, ‘னை’, ‘ணை’ ஆகிய எழுத்துகள் தலைக்கு மேல் யானைத் துதிக்கை போன்ற கொம்போடும், ‘ணா’, ‘றா’, ‘னா’ ஆகியவை துணைக்கால் தனியாக நிற்காமல் எழுத்தோடு சுழித்துச் சேர்ந்தும் அச்சாகியிருந்தால் அது பழைய எழுத்து. தமிழக அரசு 1978-இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணையிட்டது. ஆனால் இந்தச் சான்றை மட்டும் வைத்து முடிவுக்கு வரக் கூடாது. ஈரோட்டில் 1925-இல் பெரியார் தொடங்கிய ‘குடி அரசு’ இதழ் 1935-லேயே இந்தச் சீர்திருத்த எழுத்துகளைக் கையாளத் தொடங்கிவிட்டது. மறுபுறம், ஈய எழுத்துகளை ஒரே நாளில் மாற்ற முடியாத சிறு அச்சகங்கள் ஆணைக்குப் பிறகும் பழைய எழுத்தையே பயன்படுத்தின. எனவே விலை, முகவரி, எழுத்து ஆகிய மூன்றும் ஒரே காலத்தைச் சுட்டினால் உறுதியாகச் சொல்லலாம்.

கடைசியாக அச்சைப் பாருங்கள். நீங்கள் பஞ்சாலையில் இருந்தவர் என்பதால், துணியில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை இழை என்று எண்ணும் மடக்குக் கண்ணாடியான பிக் கிளாஸ் உங்கள் வீட்டிலேயே இருக்கக்கூடும். அதை அட்டைப் படத்தின் மேல் வைத்துக் குனிந்து பாருங்கள். ஒரே நிற மையில், சீரான வரிசையில், இருண்ட இடத்தில் பெருத்தும் வெளிச்சமான இடத்தில் சிறுத்தும் புள்ளிகள் தெரிந்தால் அது, படம் பொறித்த உலோகக் கட்டையால் அச்சிட்ட பழைய பிளாக் அச்சு. அழுத்தி அச்சிட்டிருந்தால் பின்பக்கம் விரலால் தடவும்போது எழுத்துகள் லேசாகப் புடைத்துத் தட்டுப்படும். நான்கு நிறப் புள்ளிகள் சிறு சிறு பூப்போலக் கூடி நின்றால் ஆஃப்செட். ஒழுங்கே இல்லாமல் பொடித் தூறல் தெளித்தாற்போல் இருந்தால் இன்க்ஜெட். அது நேற்று அச்சிட்ட நகல்.

பாட்டுப் புத்தகம் என்பது எல்லாப் பாடல்களையும் கதைச் சுருக்கத்தையும் தந்து, முடிச்சு இறுகும் இடத்தில் ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று நிறுத்திவிடும் சிறு வெளியீடு. தியேட்டர் வாசலில் வாங்கி, பாடிப் பாடிக் கிழித்து, கடைசியில் பொட்டலம் மடித்துத் தீர்த்த தாள் என்பதால்தான் இன்று அரிதாகிவிட்டது. கோவையில் சென்ட்ரல் ஸ்டுடியோவும் பட்சிராஜாவும், சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸும் படமெடுத்த காலத்தில், தமிழ் சினிமாவின் கணிசமான பங்கு நம் பகுதியில் உருவாயிற்று. முதல் முழுநீளத் தமிழ் வண்ணப்படமே 1956-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸிலிருந்து வந்தது. அந்த நிறுவனங்களின் பெயர் உள்ள புத்தகங்களைத் தனியே எடுத்து வையுங்கள். படத்தின் பெயர், நிறுவனம், விலை, அச்சகம், தாளின் நிலை ஆகியவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவிட்டு, அதன் பின்னும் விற்க நினைத்தால் ஒவ்வொன்றாக விற்கலாம். மொத்தமாகக் கேட்பவர் பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட புத்தகத்துக்காகவே மற்றவற்றையும் சேர்த்துக் கேட்கிறார்.

கேள்வி: பழைய தேயிலைக் கம்பெனி எனாமல் போர்டு என்று நம்பி 2,800 ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன். புதியது என்று உறவினர் சொல்கிறார். எப்படித் தெரிந்துகொள்வது?
விசைத்தறி உரிமையாளர், பல்லடம்

பதில்: எனாமல் என்பது பெயிண்ட் அன்று, இரும்புத் தகட்டின் மேல் கண்ணாடிப் பொடியைத் தூவிச் சூளையில் உருக்கிப் படியவைத்த பூச்சு. ஆகவே உண்மையான போர்டு கையில் எடுத்தால் கனக்கும். நகத்தால் சுண்டினால் பீங்கான் தட்டின் ஓசை தரும். பூச்சு உதிர்ந்த இடம் கண்ணாடி உடைந்ததுபோல் ஓரம் கூர்மையாகவும் நடுவில் கருத்த இரும்பாகவும் இருக்கும். நிறங்களை ஒவ்வொன்றாகச் சுட்டெடுப்பதால், ஒரு நிறம் மற்றொன்றின் மேல் ஏறும் இடத்தில் விரலுக்கு ஒரு சிறு மேடு தட்டுப்படும். இன்றைய மறுபதிப்புகளில் பல, மெல்லிய தகரத்தில் அச்சிட்டவை. அவற்றில் துருவும் சிராய்ப்பும்கூடப் படத்தோடு சேர்த்தே அச்சிடப்பட்டிருக்கும். உங்கள் போர்டில் துரு தெரியும் இடத்தைத் தடவிப் பாருங்கள், வழவழப்பாக இருந்தால் விடை கிடைத்துவிட்டது. ஆணித் துளையையும் பாருங்கள்: பல ஆண்டுகள் சுவரில் தொங்கியிருந்தால் துளையைச் சுற்றி ஆணித்தலை தேய்த்த வட்டம் இருக்கும். ரூபாய்க்கு இப்போதுள்ள ₹ குறியீடு எங்காவது இருந்தால் அது 2010-க்குப் பிந்தியது என்பதில் ஐயமே வேண்டாம். பழையது என்று பில்லில் எழுதிக் கொடுத்திருந்தால் அதைக் காட்டிப் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். இனி வாங்கும்போது ‘அசல்’ அல்லது ‘மறுபதிப்பு’ என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்; நேர்மையான வியாபாரி அதற்குத் தயங்க மாட்டார்.

கேள்வி: பனியன் கம்பெனிகளுக்கு ஸ்கிரீன் பிரிண்டிங் செய்துகொடுக்கும் யூனிட்டில் 12 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் டேபிளைப் பயன்படுத்திக்கொள்ள முதலாளி அனுமதி தருகிறார். தாளில் பழைய பாணிப் படங்களை அச்சிட்டு விற்கலாமா? பெரிய நடிகர்களின் முகத்தைப் போட்டால் நன்றாக விற்கும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.
வாசகர், திருப்பூர்

பதில்: இந்தக் கடிதத்தைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி உண்டாயிற்று, ஏனெனில் உங்கள் கையில் இருக்கும் தொழில்தான் விளம்பரம், சினிமா போன்ற அன்றாடக் காட்சிகளைக் கலையாக்கிய பாப் ஓவியத்தை உலகம் முழுவதும் பரப்பிய தொழில். அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோல் 1962 முதல் தம் புகழ்பெற்ற படங்களை இதே ஸ்கிரீன் (மை இறங்கும் வலைச் சட்டம்), இதே ஸ்குவீஜி (மையைத் தள்ளும் ரப்பர்ப் பட்டை) கொண்டுதான் உருவாக்கினார். திருப்பூரில் ஆயிரக்கணக்கானோருக்குத் தெரிந்த இந்தக் கைவேலை, டீ-சர்ட்டின் மார்பில் மட்டும் நின்றுவிடுகிறதே என்ற வருத்தம் எனக்கு நெடுநாளாக உண்டு.

துணியிலிருந்து தாளுக்கு வரும்போது நீங்கள் மாற்றிக்கொள்ள வேண்டியவை சிலவே. துணி மையைக் குடிக்கும், தாள் அவ்வளவு குடிக்காது. எனவே துணிக்குப் பயன்படுத்துவதைவிட நெருக்கமான மெஷ் (வலை) வேண்டும். துணிக்குப் பயன்படும் பிளாஸ்டிசால் இங்க் இறுகுவதற்கு ஏறத்தாழ 160 டிகிரி சூடு தேவை. தாள் அதைத் தாங்கி நிற்காது, நெளியும். காற்றிலேயே உலரும் நீர் மையைப் பயன்படுத்துங்கள். தாள் 250 அல்லது 300 ஜி.எஸ்.எம். இருக்கட்டும். முதல் நிறத்துக்கும் இரண்டாம் நிறத்துக்கும் இடையில் ஈரத்தால் தாள் மிகச் சிறிய அளவு விரியும், அதனால் இரண்டாம் நிறம் விலகி விழும். தாள்களை முந்தின நாளே பிரித்து அதே அறையில் பரப்பிவைத்தால் இந்தத் தொல்லை குறையும். மூன்று அல்லது நான்கு நிறங்களுக்குள் வரையுங்கள். பழைய தீப்பெட்டிச் சீட்டும் நாடக விளம்பரமும் அந்த அழகைப் பெற்றதே நிறங்கள் குறைவாக இருந்ததால்தான். ஒரு நிறத்தின் மேல் இன்னொன்று ஏறி மூன்றாவது நிறம் பிறப்பதை நீங்கள் துணியில் எத்தனையோ முறை பார்த்திருப்பீர்கள், அதையே இங்கும் பயன்படுத்துங்கள். 50 படிகள் அச்சிட்டால், படத்துக்குக் கீழே இடப்புறம் பென்சிலால் 1/50, 2/50 என்று எண்ணிட்டு, வலப்புறம் கையெழுத்திடுங்கள். பிறகு அந்த ஸ்கிரீனைக் கழுவிவிட வேண்டும். 51-ஆவது படி வரவே கூடாது. வாங்குபவர் அந்த எண்ணை நம்பித்தான் பணம் கொடுக்கிறார்.

நடிகர் முகம் பற்றிய யோசனையை மட்டும் கைவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஓர் ஓவியத்தின் உரிமை வரைந்தவர் வாழ்நாள் முழுவதும், அவர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகளும் நீடிக்கிறது. 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் புகைப்படத்துக்கும் இதே கணக்குத்தான்; திரைப்படத்துக்கு வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். இதற்கு அப்பால், ஒருவருடைய பெயரையும் உருவத்தையும் அவர் அனுமதியின்றி வணிகத்துக்குப் பயன்படுத்துவதே தவறு என்ற நிலையை நீதிமன்றங்கள் ஏற்றுள்ளன. நடிகர் ரஜினிகாந்த் தொடுத்த வழக்கில் 2015-இல் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. வெளிநாட்டுக் கார்ட்டூன் பாத்திரங்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். ஏற்றுமதி ஆர்டருக்காக உங்கள் யூனிட்டில் அந்தப் பாத்திரங்களை அச்சிட்டிருக்கலாம். அந்த அனுமதி ஆர்டர் கொடுத்தவருக்கு உரியது, ஃபிலிம் உங்கள் மேசையில் இருப்பதால் உங்களுக்கு உரியதாகிவிடாது.

உரிமைச் சிக்கல் இல்லாமல் வரைவதற்கு நம் ஊரிலேயே எவ்வளவோ இருக்கின்றன. 1899-இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை ஓடத் தொடங்கிய மலை ரயிலைப் பழைய பயண விளம்பரப் பாணியில் வரையலாம். சாமிக்கண்ணு வின்சென்ட் 1914-இல் கோவையில் கட்டிய வெரைட்டி ஹால் திரையரங்கின் பெயர் இன்றும் ஒரு சாலையின் பெயராக வாழ்கிறது. ரயில்வே வேலையை விட்டுவிட்டுப் படக்கருவியோடு ஊர் ஊராகச் சென்ற அவர் கூடாரத்தை வரையலாம். சேலத்தில் ஏற்காடு சாலையில் நிற்கும் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு, காங்கேயம் காளை, தறிக்குழி, பஞ்சாலைகள் நூல் கட்டுகளில் ஒட்டிய வண்ணச் சீட்டின் பாணி ஆகியவையும் இருக்கின்றன. கோவையில் வளர்ந்து வேறு நகரத்தில் வாழும் ஒருவர், முகம் தெரிந்த நடிகரைவிட அந்த ரயிலைத்தான் தம் வீட்டுச் சுவரில் வைப்பார் என்று நான் உறுதியாக நம்புகிறேன். முதல் படி அச்சானதும் எனக்கு எழுதுங்கள். விலை கொடுத்து வாங்கிக்கொள்கிறேன்.

கேள்வி: பொறியியல் படிக்கும் மகன், மாலை நேர வேலையில் வரும் பணத்தில் பெரிய தலையும் கறுப்புக் கண்களும் கொண்ட வெளிநாட்டுப் பொம்மைகளை வாங்கி அடுக்குகிறான். பெட்டியைக்கூடப் பிரிப்பதில்லை. இது வீண் செலவு அல்லவா? நம் பண்பாட்டுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?
இல்லத்தரசி, உடுமலைப்பேட்டை

பதில்: அம்மா, உங்கள் மகன் தன் உழைப்பில் வந்த பணத்தை, தான் விரும்பிய கதைகளின் நினைவாகச் செலவிடுகிறார், அதை வீண் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் குறிப்பிடுவது அமெரிக்காவின் ஃபன்கோ நிறுவனம் 2010-இல் கொண்டுவந்த ‘பாப்’ பொம்மை வரிசை என்று தோன்றுகிறது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ மூன்றே முக்கால் அங்குல உயரம் இருக்கும். வெளிநாட்டுப் பாத்திரம் என்பதற்காகவும் கவலைப்பட வேண்டாம். 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வரத் தொடங்கியபோது நம் தலைமுறை கொண்டாடிய இரும்புக்கை மாயாவியும் இங்கிலாந்திலிருந்து வந்தவர்தான். தமிழில் பேசத் தொடங்கியதும் அவர் நம்மவர் ஆகிவிட்டார்.

மகனிடம் சொல்ல வேண்டியவை வேறு. பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று வாங்கினால் போலியாக இருக்க வாய்ப்புண்டு: பெட்டியில் எழுத்து மங்கியிருத்தல், கண்ணின் வண்ணம் கோட்டைத் தாண்டியிருத்தல், பெட்டியின் அடியிலும் பொம்மையின் பாதத்திலோ கழுத்திலோ தயாரிப்பு எண் இல்லாமல் இருத்தல் ஆகியவை அடையாளங்கள். விலை ஏறும் என்று எண்ணி வாங்க வேண்டாம். பிடித்ததை மட்டும் வாங்கினால் ஏமாற்றம் இல்லை. தகரக் கூரையின் கீழோ பரணிலோ வைத்தால் வெப்பத்தில் பிளாஸ்டிக்கின் மென்மையூட்டி மேலே கசிந்து பிசுபிசுக்கும். வெதுவெதுப்பான நீரில் சிறிது சோப்பு கலந்து துடைத்தால் போய்விடும். அந்துருண்டையை அருகில் வைக்கக் கூடாது, அதன் ஆவி சிலவகைப் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும்.

கேள்வி: எங்கள் தொட்டிக்கட்டு வீட்டில் ஒரு முருகன் காலண்டர் படம் இருக்கிறது. கீழே ‘சி. கொண்டையராஜு’ என்று கையெழுத்து உள்ளது. இது அவர் கையால் வரைந்ததா? பல படிகள் எடுத்துச் சொந்தக்காரர்களுக்குக் கொடுக்கலாமா?
வாசகி, நாமக்கல்

பதில்: காலண்டர் படம் என்பதால் அது அச்சுப்படியே, கையெழுத்தும் ஓவியத்தோடு சேர்ந்து அச்சானது. ஆனாலும் அது சாதாரணப் பொருள் அன்று. கொண்டையராஜு (1898–1976) நாடகத் திரைகள் வரைந்து, கோவில்பட்டியில் நிலைத்து, சீடர்கள் பலரை உருவாக்கியவர். சிவகாசியில் அச்சான அவர் படங்களில்தான் தென்னாட்டு வீடுகள் பல தம் தெய்வங்களின் முகத்தைக் கண்டன. மும்பையில் 1894-இல் அச்சகம் நிறுவித் தெய்வப் படங்களை எளியவர் வீட்டுக்கும் கொண்டுசேர்த்த ரவிவர்மாவுக்குப் பின் அந்தப் பணியை இங்கே தொடர்ந்தவர்களில் அவர் முதன்மையானவர். ரவிவர்மா 1906-இல் மறைந்துவிட்டதால் அவருடைய ஓவியங்களை யாரும் அச்சிடலாம். கொண்டையராஜுவின் ஓவியங்களுக்கு 2036 முடியும் வரை உரிமை உண்டு, ஆகவே படியெடுத்து விற்பது கூடாது. சொந்தக்காரர்களுக்காக என்றாலும் முறைப்படி அனுமதி பெறுவதே சரி. உங்களிடம் உள்ள படத்தை அதன் மரச் சட்டத்தைவிட்டுப் பிரிக்காமல், பின்பக்க அட்டையை மட்டும் மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மழைக்காலத்தில் தாள்களில் பூச்சி அரிக்கிறது. லேமினேட் செய்துவிட்டால் பாதுகாப்பாக இருக்குமா?
தென்னை விவசாயி, பொள்ளாச்சி

பதில்: வேண்டவே வேண்டாம். இருபது ஆண்டுகளுக்கு முன், என் பெற்றோரின் திருமண அழைப்பிதழையும் அம்மா பாதுகாத்து வந்த ஒரு பாட்டுப் புத்தகத்தின் அட்டையையும் பாதுகாக்க எண்ணி, ஒரு கடையில் கொடுத்து லேமினேட் செய்தேன். சூட்டில் அட்டையின் சிவப்பு மங்கியது. சில ஆண்டுகளில் ஓரம் பிரிந்து, உள்ளே நுழைந்த ஈரம் வெளியேற வழியின்றி, அம்மா பென்சிலால் பெயரெழுதியிருந்த இடத்தில் கறுப்புப் பூஞ்சை படர்ந்தது. உறையை உரித்தபோது தாளின் மேல்தோலும் கூடவே வந்துவிட்டது. அதைச் சரிசெய்ய இன்றுவரை வழி கிடைக்கவில்லை. லேமினேட் செய்ததைத் திரும்பப் பெற முடியாது என்பதை அன்று யாரேனும் எனக்குச் சொல்லியிருக்கக் கூடாதா என்று இப்போதும் நினைக்கிறேன். செல்லோடேப்பும் அப்படியே, பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும்.

துருப்பிடித்த பின்களை மெதுவாக நிமிர்த்தி எடுத்துவிட்டு, ஒவ்வொரு தாளையும் அமிலமற்ற வெள்ளைத் தாளுக்கு இடையில் வைத்து, தரையில் படாத மர அலமாரியில் படுக்கைவசமாக அடுக்குங்கள். ராமபாணப் பூச்சி இருட்டையும் ஈரத்தையும் தேடி வருவது. மாதம் ஒருமுறை அலமாரியைத் திறந்து காற்றாட விட்டாலே பாதித் தொல்லை போய்விடும். வசம்பைத் துணியில் முடிந்து மூலையில் வைக்கலாம், தாளைத் தொடாமல் இருக்க வேண்டும்.

கேள்வி: பழைய தீப்பெட்டிகளின் மேல் ஒட்டிய படங்களைக் கிழியாமல் எடுப்பது எப்படி? பேரன் கேட்கிறான்.
மளிகைக் கடைக்காரர், சென்னிமலை

பதில்: செலவே இல்லாமல் தொடங்கக்கூடிய சேகரிப்பு இது, பேரனுக்கு என் பாராட்டுகள். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா சென்று தொழில் கற்றுத் திரும்பிய பிறகு வளர்ந்த சிவகாசித் தீப்பெட்டித் தொழில்தான் இந்தச் சின்னஞ்சிறு ஓவியங்களை நமக்குத் தந்தது. அண்மைக் கால அட்டைப் பெட்டிகளில் படம் அட்டையிலேயே அச்சிடப்பட்டிருக்கும். அவற்றைத் தட்டையாகப் பிரித்து அப்படியே வைத்துக்கொள்ள வேண்டியதுதான். பழைய பெட்டிகளில் சீட்டை மாவுப் பசையால் ஒட்டியிருப்பார்கள். முதலில் ஈரப் பஞ்சால் ஒரு மூலையைத் தொட்டு நிறம் வருகிறதா என்று பாருங்கள். வரவில்லையென்றால், அகலத் தட்டில் வெதுவெதுப்பான நீர் ஊற்றி, சீட்டு மேலே இருக்குமாறு பெட்டியை மிதக்கவிடுங்கள். கால்மணி நேரத்தில் பசை இளகிச் சீட்டின் ஓரம் தானாக எழும்பும். இழுக்காமல், அதன் கீழ் ஒரு வெள்ளைத் தாளை நுழைத்துத் தாளோடு சேர்த்துத் தூக்கி, பின்பக்கத்துப் பசையை விரல்நுனியால் வழித்துவிட்டு, இரண்டு வெள்ளைத் தாள்களுக்கு நடுவே வைத்து மேலே கனமான புத்தகத்தை ஏற்றிவிடுங்கள். செய்தித்தாளில் வைக்க வேண்டாம், அதன் மை ஏறிவிடும். மறுநாள் எடுக்கும்போது ஒட்டாமல், முறுக்காமல், தட்டையாக வந்துவிடும்.